இணைப்பு ஒன்பது: மீன், உப்பிட்டது

வள்ளம், வலை வகைப்படுத்தல் அலுவலகம் கடலிலிருந்து பதினைந்து மைல் தள்ளி, ஒட்டுசுட்டானில், காட்டோரத்து அரிசி ஆலை ஒன்றில் இயங்கிவந்தது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை வந்து கரையோரச் சனமெல்லாம் ஓடியபோது அலுவலகமும் ஓடியது. சனம் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, அலுவலகம் முத்திரையையும் மைப்பெட்டியையும் பெயர்ப்பலகையையும் தூக்கிக்கொண்டு சனத்துக்கு முன்னால் ஓடியது. வள்ளங்களும் வலைகளும் கரையிலேயே நின்றுவிட்டன. ‘இதனால் வகைப்படுத்தும் பணி பெரிதும் இலகுவாகியுள்ளது’ என்று பொறுப்பதிகாரி மயில்வாகனம் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் எழுதிவந்தார்.

அதே ஓட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர்ந்தவர்தான் யாக்கோப்பு. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவர். நான்கு வருடமாக ஊரார் காணிகளில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். கோடரி பிடித்த கையைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருக்கும். கரையோர ஊரான அளம்பிலில் அவருடைய மச்சான் ஒருவர் வள்ளத்தோடு காத்திருந்தார். ஆனால் வலை இல்லை. தொண்டு நிறுவனம் ஒன்று வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், அளம்பில் கோயிலடியில் வலை கொடுக்கப்போவதாகச் செய்தி வந்திருந்தது. அதுவும் கடற்றொழிலாளி என்று கடிதம் வைத்திருப்பவருக்கு மட்டும். அந்தக் கடிதத்தைக் கொடுக்கும் அதிகாரம் மயில்வாகனத்தின் அலுவலகத்துக்குத்தான் இருந்தது. கடிதம் கிடைத்தால் வலை, வலை கிடைத்தால் கடல். கிடைக்காவிட்டால் சாகுமட்டும் விறகு.

யாக்கோப்பு விண்ணப்பித்து மூன்று வருடமாகியிருந்தது. கடிதம் தருவதற்கு வலையைக் காட்ட வேண்டும் என்றார்கள். வலை வாங்கத்தான் கடிதம் கேட்கிறேன் என்றார். அப்படியானால் வேறு ஆதாரம் கொண்டுவாரும் என்றார்கள். பங்குத்தந்தையின் கடிதத்தைக் கொடுத்தார். அது இணைப்பு ஒன்று ஆனது. அந்தோனியார் திருநாளில் வள்ளத்தோடு நின்று எடுத்த படத்தைக் கொடுத்தார். படத்தில் வள்ளம் தெளிவாகவும் யாக்கோப்பு மங்கலாகவும் இருந்தபடியால், வள்ளத்துக்குக் கடிதம் கொடுக்கலாம், ஆளுக்குக் கொடுக்க இயலாது என்று குறிப்பெழுதி அதையும் இணைத்தார்கள். பழைய வலையில் ஒரு சாண் துண்டு கொடுத்தார். அயலவர்களின் சத்தியக் கடதாசிகள் கொடுத்தார். இப்படியே எட்டு இணைப்பு ஆகியும் ஒன்றும் நடக்காததைக் கண்டு எழுதுவினைஞர் சிவனேஸ்வரிக்கே மனம் இளகிவிட்டது.

“அண்ணை, பேசாமல் ஒரு மீனைக் கொண்டுவந்து காட்டுங்கோவன்,” என்றார் அவர்.

யாக்கோப்பு அளம்பிலுக்குச் சைக்கிள் மிதித்துப்போய், மச்சான் தூண்டிலில் பிடித்த ஒரு பாரை மீனை வாங்கி, உச்சி வெய்யிலில் திரும்பி மிதித்து வந்தார். மயில்வாகனம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைப் பரிசீலித்தார். “இந்தப் பைல் கனகாலம் இருக்கப்போற பைல். பழுதாகிற ஆதாரத்தை நான் எப்பிடி ஏற்றுக்கொள்ளுறது?” என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆகவே யாக்கோப்பின் மனைவி றோஸ்மேரி இன்னொரு பாரையைப் பிளந்து விரித்து, உப்பைக் கை கையாக அள்ளி அப்பிக் காயவைத்துக் கொடுத்தாள். அது பூல்ஸ்காப் தாளின் அளவுக்கு அச்சொட்டாக வந்திருந்தது. சிவனேஸ்வரி அதில் இரண்டு துளை போட்டு, நூலால் பைலோடு சேர்த்துக் கட்டி, ‘இணைப்பு ஒன்பது: மீன், உப்பிட்டது’ என்று பதிந்தார். மாரியில் உப்புக் கசிந்து பைல் முழுவதும் ஊறியது. கோடையில் காய்ந்து பலகையாக இறுகியது. கடிதம் மட்டும் வரவில்லை.

உப்பு விஷயத்தில் றோஸ்மேரியின் கை தாராளம். அதனால் வீட்டுக்கு ஒரு நட்டமும் வந்திருந்தது. அந்தப் பக்கத்துக் காட்டில் தனியன் யானை ஒன்று திரிந்தது. நெல்லைவிட உப்பில்தான் அதற்கு ஆசை. மாசி மாதம் ஒருநாள் அது அவர்களுடைய குசினிச் சுவரைத் தள்ளி விழுத்தி, உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. “எங்களுக்கு ஒரு வலை தாறதுக்குத்தான் இந்தப் பாடு. அதிட்டை ஒருத்தரும் கடிதம் கேக்கேல்லை,” என்று றோஸ்மேரி சொல்லிச் சொல்லி ஆறாமல் இருந்தாள்.

இனி அலுவலகத்துக்கு வந்த குளிரூட்டிக்கு வருவோம். அந்த ஆலைக்கு யன்னல் கிடையாது. நெல்லுக்கு எதற்குக் காற்று என்று கட்டியவர் நினைத்திருப்பார். உள்ளே இருந்தவர்கள் அவிந்தார்கள். தொண்ணூற்றோராம் ஆண்டில் மயில்வாகனம் ஒரு யன்னல் வைத்துத் தரும்படி கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். யன்னல் எதற்கு என்று கேட்டுப் பதில் வந்தது. காற்றுக்கு என்று எழுதினார். மூன்று வருடம் யோசித்த பிறகு தலைமை அலுவலகம் முடிவைச் சொன்னது. பிறர் கட்டடத்தில் யன்னல் வைக்க விதியில் இடமில்லை. ஆனால் கோரிக்கை காற்றைப் பற்றியது என்பதால், தலைமை அலுவலகத்தில் பாவித்துக் கழித்த, யன்னலில் பொருத்திப் பூட்டும் குளிரூட்டி ஒன்று இத்தால் அனுப்பப்படுகிறது. அதாவது, யன்னல் கேட்டவருக்கு, யன்னல் இருந்தால் மட்டும் பூட்டக்கூடிய சாமான் வந்து சேர்ந்தது.

லொறியில் அதனோடு வந்த சீமெந்தையும் பற்றறியையும் வவுனியாச் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டு, இதை மட்டும் போக விட்டிருந்தார்கள். இது எவருக்கும் எதற்கும் உதவாது என்று சாவடியில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வன்னியில் மின்சாரம் நின்று நான்கு வருடம். ஒட்டுசுட்டான் மின்கம்பங்களில் பாகல் கொடி ஏறிக் காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை யாக்கோப்பு அலுவலகத்துக்குப் போனபோது அலுவலகத்தார் மூன்று பேரும் குளிரூட்டிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

“ஐயா, வாற ஞாயிறு அளம்பிலிலை வலை குடுக்கினம். என்ரை கடிதத்தை…”

“யாக்கோப்பு, நல்ல நேரத்திலை வந்தீர். இதிலை ஒரு கை பிடியும்,” என்றார் மயில்வாகனம்.

யாக்கோப்பு பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்புறத்தில் ஒரு வயரும் அதன் நுனியில் மூன்று முள்ளும் இருந்தன. “கரண்டுக்கு என்ன செய்யிறது ஐயா?”

“பூட்டுறது எங்கடை பொறுப்பு. கரண்ட் குடுக்கிறது வேறை திணைக்களம். அவையின்ரை வேலையிலை நாங்கள் தலையிடுறேல்லை.”

பூட்டுவதற்கு ஓர் இடந்தான் இருந்தது. ஆலையின் பின்சுவரில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, உமியை வெளியே தள்ளுவதற்கு விட்ட சதுரத் துவாரம். பெட்டியின் அளவுக்கு அது சரியாக இருந்தது. ஆனால் அது யன்னலா இல்லையா என்ற கேள்வி எழுந்தது. யன்னலில் மட்டுமே பூட்ட வேண்டும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. மயில்வாகனம் உடனே ஒரு பூட்டற் குழுவை அமைத்து, தானே தலைவராகி, சிவனேஸ்வரியையும் அலுவலகப் பியோன் யோகநாதனையும் உறுப்பினராக்கி, நின்ற இடத்திலேயே கூட்டத்தைத் தொடக்கினார்.

“உள்ளை இருந்து வெளியிலை பார்க்கிறதுக்கு உள்ளதுதான் யன்னல்,” என்று தலைவர் உரையாற்றினார். “இந்த அலுவலகம் தொடங்கின நாளிலையிருந்து நாங்கள் ஒருத்தரும் வெளியிலை பார்த்ததில்லை. ஆகவே இது யன்னல் இல்லையெண்டு சொல்ல எங்களிட்டை ஒரு ஆதாரமும் கிடையாது. பிள்ளை, யன்னல் எண்டு பதியும்.”

துவாரம் யன்னலாயிற்று. பெட்டியை அதுவரை தூக்குவதுதான் பாடாக இருந்தது. மூன்று ஆள் பாரம். யாக்கோப்பு வீட்டுக்குப் போய்த் தன் பழைய வள்ளக் கயிற்றைக் கொண்டுவந்து, கூரை வளையில் போட்டு, பெட்டியை நாலு பக்கமும் வளைத்து ஒரு முடிச்சுப் போட்டார். யோகநாதனை ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் தான் நின்று, “ஏலோ” என்று ஒரு இழுவை. பெட்டி பூப்போல மேலே போய்த் துவாரத்தில் குந்தியது. நாலு வருடத்துக்குப் பிறகு தோளில் கயிறு அழுந்தியது யாக்கோப்புக்குச் சுகமாக இருந்தது.

மயில்வாகனம் முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். “இந்த முடிச்சு எங்கை பழகினனீர்?”

“கடலிலைதான் ஐயா. வள்ளம் கரையேத்தேக்கை போடுறது.”

“அருமையான முடிச்சு. ஒரு கடற்றொழிலாளியைத் தவிர வேறை ஒருத்தருக்கும் வராது. என்ன செய்யிறது, இது பைலிலை இல்லையே.”

கயிற்றைத் தளர்த்தியதும் பெட்டி மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக நகரத் தொடங்கியது. உமி வழுக்கிக்கொண்டு விழ வேண்டும் என்பதற்காகத் துவாரத்தின் அடித்தளம் வெளியே சரிந்திருந்தது. முப்பது வருட உமி உரசி அதைக் கண்ணாடியாக்கியும் இருந்தது. வெளி நுனியில் ஏதாவது அணை கொடுத்தாக வேண்டும். கயிற்றிலேயே விடுவோம் என்றார் யாக்கோப்பு. கயிறு தனியார் சொத்து, அரசாங்கச் சொத்து தனியார் சொத்தில் தொங்க முடியாது என்றார் மயில்வாகனம். யோகநாதன் ஏணியில் ஏறி வெளிப்பக்கமாகப் பைல்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். எல்லாம் நசிந்தன. கடைசியில் ஒரு பைலைச் செருகினான், பெட்டி ஆடாமல் அசையாமல் நின்றது. பைலின் கரையில் ஒரு மீன் வால் எட்டிப் பார்த்தது.

“ஐயா, அது என்ரை பைல்,” என்றார் யாக்கோப்பு.

“தெரியும். மற்றப் பைலுகள் அங்கை இஞ்சை போய்வாற பைலுகள். முடிவெடுக்காத பைல்தான் அசையாமல் இருக்கும்.”

“அப்ப என்ரை கடிதம்?”

“பைலைப் பார்க்காமல் கடிதம் எழுதேலாது. பைலை எடுத்தால் இயந்திரம் விழும். உம்மாலை அரசாங்கச் சொத்துக்கு ஒரு சேதம் வாறதை நீர் விரும்புவீரோ?” யாக்கோப்பின் முகம் போன போக்கைக் கண்டு அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “ஒண்டை யோசிச்சுப் பாரும். மூண்டு வருசம் சும்மா கிடந்த பைல் இண்டைக்கு ஒரு அலுவலகத்தையே தாங்குது. எத்தினை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?”

செவ்வாய்க்கிழமை யாக்கோப்பு பாலைமரத்தில் அதே தடிப்புக்கு ஒரு கட்டை சீவிக்கொண்டு போனார். காட்டு மரம் வேறு திணைக்களத்துக்கு உரியது என்று திருப்பிவிட்டார்கள். புதன்கிழமை ஒரு கருங்கல்லைத் தேடிக் கொண்டுபோனார். கல் பொருட்பதிவில் இல்லை, அதைப் பதிவதற்கு அது எப்போது எங்கே உற்பத்தியானது என்று தெரிய வேண்டும் என்றார்கள். பைலின் இடத்தில் வைக்கக்கூடியது இன்னொரு பைல் மட்டுந்தான் என்று மயில்வாகனம் விளங்கப்படுத்தினார். அதே தடிப்பில், அதே இறுக்கத்தில், மூன்று வருடம் முடிவெடுக்காத பைலாக இருக்க வேண்டும். வேறு ஒருவர் இன்று விண்ணப்பித்தால் தொண்ணூற்றேழாம் ஆண்டளவில் கிடைக்கும்.

வியாழக்கிழமை போனபோது கதவு பூட்டியிருந்தது. ‘குளிரூட்டப்பட்ட அலுவலகம். கதவைத் திறந்து குளிரை வெளியேற்றாதீர்’ என்று பலகை தொங்கியது. தலைமை அலுவலகச் சுற்றுநிருபத்தின்படி, குளிரூட்டி பூட்டிய அறையில் கதவு, வாசல், இடுக்கு எல்லாம் அடைபட்டிருக்க வேண்டுமாம். பொதுமக்கள் உள்ளே வந்து சூட்டை உண்டாக்கக் கூடாதாம். கதவுக்குக் கீழே நெற்சாக்கு அடைத்திருந்தது. யாக்கோப்பு சாவித் துவாரத்தில் வாயை வைத்து, “தங்கச்சி, தங்கச்சி,” என்று கூப்பிட்டார். மறுபக்கத்தில் சிவனேஸ்வரியின் ஒரு கண் தெரிந்தது. அவர் சற்று விலகியபோது கழுத்துவரை கம்பளிச் சுவெற்றர். அதற்கு மேலே வேர்வை ஆறாக ஓடியது.

“உள்ளை குளிருதோ, தங்கச்சி?”

“குளிரவேணும் அண்ணை. குளிர் எண்டு பதிஞ்சாச்சு,” என்றார் சிவனேஸ்வரி. பிறகு இரங்கிய குரலில், “நாளைக்கு மூண்டு மணிக்குத் திறப்பு விழா. அதுவரைக்கும் சேர் ஒரு பைலும் பாக்கமாட்டார்,” என்றார்.

அன்று வீட்டில் யாக்கோப்புக்குச் சோறு இறங்கவில்லை. தன்னுடைய பெயரில் உள்ள கடதாசிக் கட்டு, கண்ணுக்கு முன்னால், கை எட்டும் உயரத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க ஒரு மனிதனுக்கு நேரமில்லை. அவருக்கு அழவேண்டும்போல வந்தது. றோஸ்மேரி சோற்றுக் கோப்பையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் இருந்தாள்.

“அந்தப் பைல் வெளிப்பக்கத்திலைதானே கிடக்கு?”

“ஓம்.”

“அப்ப நாளைக்கு அவை எல்லாரும் உள்ளுக்கு அடைபட்டுக் கிடக்கேக்கை, கட்டையைச் செருகிப்போட்டுப் பைலை உருவுங்கோ. கையிலை குடுத்தா எழுதித்தானே ஆகவேணும்.”

யாக்கோப்பு வாழ்நாளில் களவு செய்ததில்லை. ஆனால் இதைக் களவென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திறப்பு விழா தொடங்கியது. ஊர்ப் பிரமுகர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். யாக்கோப்பு பின்பக்கம் போய், உமிக் குவியலின் மேல் ஏணியைச் சாத்தி, பாலைக் கட்டையை மடியில் செருகிக்கொண்டார். பெட்டியின் தகட்டு இடுக்குகளால் உள்ளே நடப்பதெல்லாம் தெளிவாகக் கேட்டது. குத்துவிளக்கில் ஐந்து திரியும் ஏற்றினார்கள். ஏற்கெனவே போறணை அடுப்பாகக் கொதித்த இடம். ஒருவர் தண்ணீர் கேட்டார். குளிரூட்டப்பட்ட அறையில் தாகம் எடுக்காது என்று பதில் கிடைத்தது.

யாக்கோப்பு இரண்டாம் படியில் கால் வைத்திருப்பார். பின்னால் தடி முறிந்தது. திரும்பிப் பார்த்தார். தனியன் வந்துகொண்டிருந்தது.

அது அவசரப்படவில்லை. யாக்கோப்பு அவசரப்பட்டார். ஏணியையும் கட்டையையும் விட்டுவிட்டுப் பக்கத்துப் புளியமரத்தில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கூப்பிட்டு எச்சரிக்க வாயைத் திறந்தார். சத்தம் கேட்டால் அது மரத்தடிக்கு வரும் என்று மூடிக்கொண்டார். யானை நெல் ஊறப்போடும் தொட்டியடிக்குப் போனது. விழாவுக்காக யோகநாதன் அதை நிரப்பி வைத்திருந்தான். ஆற அமர உறிஞ்சியது. பிறகு தும்பிக்கையை உயர்த்திக் காற்றில் எதையோ தேடிக்கொண்டு சுவரடிக்கு வந்தது. பெட்டியின் முதுகை மோந்தது. உப்பு வாசனை பிடிபட்ட சந்தோசத்திலோ என்னவோ, உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் தகட்டு இடுக்குகளுக்குள் ஊதியது.

உள்ளேயிருந்து மயில்வாகனத்தின் குரல் தழுதழுத்துக்கொண்டு வந்தது.

“பெரியோர்களே, குளிர் வருகிறது. உங்கள் முகங்களிலே ஈரம் படுவதை நான் காண்கிறேன். மின்சாரம் வேண்டும், எண்ணெய் வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். முறைப்படி பூட்டிவிட்டால் எந்த இயந்திரமும் இயங்கியே தீரும் என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஏன், இந்த அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடமாக ஒன்றுமே இல்லாமல் நாங்கள் இயங்கவில்லையா?”

கைதட்டல் எழுந்தது. யானை இன்னொரு முறை ஊதியது.

“சேர், ஒரு மாதிரி வாடை அடிக்குது,” என்றான் யோகநாதன்.

“கொழும்புக் காற்று அப்பிடித்தான் இருக்கும்.”

இப்போது தும்பிக்கை பெட்டிக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தது. மீன் வாலில் பட்டது. நின்றது. மெல்ல இழுத்துப் பார்த்தது. “பெரியோர்களே, இயந்திரம் அசைகிறது, வேகம் எடுக்கிறது,” என்று உள்ளே மயில்வாகனம் முழங்கினார். யானை ஓர் இழுவை இழுத்தது. பைல் தும்பிக்கையோடு வந்தது. அணை போன பெட்டி, முப்பது வருட உமி வழுக்கிய பாதையில் சறுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்து, ஏணியை இரண்டாக முறித்து, உமிக் குவியலில் மல்லாந்து விழுந்தது. யானைக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கால் வைத்தது. குளிரூட்டி தட்டையாகிப்போனது.

அதன் பிறகு அது அவதியில்லாமல் பைலைப் பிரித்தது. இணைப்பு ஒன்பதைத் தனியாக எடுத்து வாய்க்குள் வைத்தது. நன்றாகப் பிடித்துக்கொண்டது போலும். இணைப்பு ஒன்றிலிருந்து எட்டுவரை உள்ளதையும் ஒன்றுவிடாமல் தின்றது. மூன்று வருடத்தில் அந்தப் பைலை முழுவதும் பார்த்து முடித்தது அது ஒன்றுதான். பங்குத்தந்தையின் கடிதமும், வள்ளப் படமும், அயலவர்களின் சத்தியமும் அந்த வாய்க்குள் போவதைப் பார்த்துக்கொண்டு யாக்கோப்பு மரத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வலை இனி இல்லை என்று நினைத்தார். யானை வந்த வழியே காட்டுக்குள் போனது.

உள்ளே கதிரை போட்டு ஏறிய மயில்வாகனத்தின் முகம் துவாரத்தில் தெரிந்தது. தட்டையான பெட்டியைப் பார்த்தது. மரத்தைப் பார்த்தது.

“யாக்கோப்பு, நீர் இதைக் கண்டனீரோ?”

“கண்டனான் ஐயா.”

“இறங்கி உள்ளை வாரும்.”

கதவு அடைபட்ட பிறகு முதல் தடவையாகப் பொதுமக்களில் ஒருவர் அலுவலகத்துக்குள் அனுமதிக்கப்பட்டார். பிரமுகர்கள் எல்லோரும் முன்கதவால் ஓடிவிட்டார்கள். மயில்வாகனம் மேசையில் சொத்து இழப்புப் படிவத்தை விரித்து வைத்திருந்தார். அரசாங்கச் சொத்து எப்படி அழிந்தது என்று எழுதாவிட்டால் அவருடைய ஓய்வூதியம் அதோடு சரி. ஆனால் அது வள்ளம், வலைக்காக அச்சடித்த படிவம். ‘இழப்புக்குக் காரணம்’ என்ற இடத்தில் மூன்றே மூன்று கட்டங்கள் இருந்தன. கடல் கொண்டது. புயல் அடித்தது. சுறா கடித்தது.

“யானைக்கு இதிலை இடமில்லை. அது வனவிலங்குத் திணைக்களத்தின்ரை,” என்றார் மயில்வாகனம்.

“சுறா எண்டு போடுவமோ சேர்?” என்று கேட்டார் சிவனேஸ்வரி.

“மிதிச்ச அடையாளம் கிடக்கு, பிள்ளை. சுறா மிதிக்குமோ? கடலைத்தான் போடவேணும்.” அவர் படிவத்தின் அடியைக் காட்டினார். கண்கண்ட சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். சாட்சி, அங்கீகரிக்கப்பட்ட கடற்றொழிலாளியாக இருத்தல் வேண்டும்.

மூன்று பேரும் யாக்கோப்பைப் பார்த்தார்கள். கண்டது அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

“என்ரை பைல் போயிட்டுது, ஐயா,” என்றார் யாக்கோப்பு.

“அதுதான் நல்லது. இவ்வளவு நாளும் உம்மடை பைலாலைதான் தடங்கல். ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு கேள்வி இருந்தது. இப்ப கடதாசியும் இல்லை, கேள்வியும் இல்லை. பிள்ளை, கடிதத்தை அடியும்.”

சிவனேஸ்வரி பத்து நிமிடத்தில் கடிதத்தைத் தட்டச்சில் அடித்து முடித்தார். முத்திரை விழுந்தது. யாக்கோப்பு அதை இரண்டு கையாலும் வாங்கி வாசித்தார். ‘மேற்படி யாக்கோப்பு என்பவர் கடற்றொழிலாளி என்பது இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.’ பிறந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எழுத்துகள் கலங்கிப்போயின.

“இனிச் சாட்சியைச் சொல்லும்.”

யாக்கோப்பு தயங்கினார். “ஐயா, நான் பொய்ச் சாட்சி சொல்லமாட்டன். ஞாயிறு பூசைக்குப் போறனான்.”

“ஆர் உம்மைப் பொய் சொல்லச் சொன்னது? கண்டதை அப்பிடியே சொல்லும்.”

யாக்கோப்பு கண்டதை நினைத்துப் பார்த்தார். “பெரிசா வந்தது. கறுப்பாயிருந்தது. தண்ணியை அள்ளி அடிச்சது. உப்பிருக்கிற இடத்தைத் தேடிப் போச்சுது. பெட்டியை விழுத்தி நெரிச்சது. பிறகு வந்த வழியாலை திரும்பிப் போயிட்டுது.”

“கடல்,” என்று எழுதினார் சிவனேஸ்வரி. யாக்கோப்பு கையெழுத்து வைத்தார்.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று உறைத்தது. திறந்து கிடந்த துவாரத்தால் காட்டுப் பக்கத்துக் காற்று வீசிக்கொண்டிருந்தது. மேசையில் கடதாசிகள் படபடத்தன. சிவனேஸ்வரி சுவெற்றரைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான்கு வருடத்தில் அந்த அறை குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

“யோகநாதன், அதைச் சாக்காலை அடையும். காற்றுக்கு இன்னும் அனுமதி வரேல்லை,” என்றார் மயில்வாகனம்.

ஞாயிற்றுக்கிழமை யாக்கோப்புக்கு வலை கிடைத்தது. அடுத்த கிழமையே றோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு அளம்பிலுக்குப் போய்விட்டார். மச்சானோடு கடலுக்குப் போனார். கையில் கோடரித் தழும்பு மறைந்து கயிற்றுத் தழும்பு வந்தது. அதை அவர் எல்லோருக்கும் காட்டினார்.

ஒரு வருடம் முடிகிற நேரத்தில் அரசாங்க முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்தது. யாக்கோப்பு மணலில் இருந்து கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். றோஸ்மேரி உரத்து வாசித்தாள். ஒட்டுசுட்டான்வரை கடல் வந்து போனமை கண்கண்ட சாட்சியுடன் உறுதியாகியுள்ளதால், அலுவலகம் கடலுக்கு ஆபத்தான அளவு அண்மையில் அமைந்திருப்பதைத் தலைமை அலுவலகம் கவலையுடன் கவனித்துள்ளது. ஆகவே அது இன்னும் உள்ளே, கனகராயன்குளத்துக்கு நகர்த்தப்பட்டுள்ளது. இழந்த குளிரூட்டிக்குப் பதிலாக வேறொன்று அனுப்பப்பட்டு, அங்கே பூட்டும் வேலை நடைபெறுகிறது. கடற்றொழிலாளர் கடிதங்கள் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். புதுப்பிக்க விரும்புவோர் புதிய பைலுடன் நேரில் வரவும். ஆதாரமாக மீன் ஒன்று, உப்பிட்டது, இணைக்கப்படல் வேண்டும்.

றோஸ்மேரி கடிதத்தை மடித்தாள். குசினிக்குள் போய் ஒரு பாரையை எடுத்துப் பிளந்தாள்.

“இந்த முறை உப்பைக் குறைச்சுப் போடட்டோ?” என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

யாக்கோப்பு ஊசியை நிறுத்தினார். “கனகராயன்குளம் பக்கமும் காடுதானே?”

“ஓம், நல்ல காடு.”

“அப்ப குறைக்காதை. நல்லாய் அள்ளிப் போடு.”